மூன்றாவது பல்சக்கரம்

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், எல்லாம் ரொட்டிக்காரியின் வழியாக.

ரொட்டிக்காரி அந்த வீட்டு மருமகள். விடிவதற்குள் பேக்கரிக்குப் போய் டீசல் வேனில் தட்டுத் தட்டாக ரொட்டி ஏற்றி, முப்பத்தெட்டுக் கடைகளுக்குப் போட்டுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவாள். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. வாசல் பக்கத்துப் பாதி அவள் புருஷனுடையது, அவன் மெக்கானிக். உள்பக்கத்துப் பாதி அவன் தங்கையுடையது. லேத்தில் இரும்பு கடைவது அவள் தொழில், அதனால் கடைசல்காரி என்றே பேராகிவிட்டது. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அதில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள். நான்கு வருஷமாக அந்த வழியில் போய்வந்த ஒரே ஆள் ரொட்டிக்காரி.

சாப்பாட்டு மேசையிலும் இதே கூத்துதான். மூன்று பேரும் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "அண்ணி, பன்னிரண்டு மில்லி டிரில் பிட்டை எடுத்தவங்க எடுத்த இடத்துல வைக்கணும்னு சொல்லுங்க" என்பாள் கடைசல்காரி, முட்டையை உரித்தபடி. "அது மொட்டையாப் போய் ஆறு மாசம் ஆச்சுன்னு சொல்லு" என்பான் மெக்கானிக், தன் தட்டைப் பார்த்தபடி. ஆரம்பத்தில் ரொட்டிக்காரி ஒவ்வொன்றையும் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னாள். பிறகு அலுத்துப்போய்த் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பினாள். அதுவே போதுமானதாக இருந்தது.

சண்டை என்ன பெரிய சண்டை? ஒரு லாரியின் பின்அச்சு நடுரோட்டில் ஒடிந்துபோனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் லாரிக்காரர் பட்டறை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மெக்கானிக்குக்கு முகம் சிவந்து, "அது நான் செஞ்சதில்ல, என் தங்கச்சி கடைஞ்சது" என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் ஒடிந்த துண்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். கடைசலில் ஒரு குறையும் இல்லை. பேரிங்கை அவன் இறுக்கிய விதம்தான் தப்பு. அதைப் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். தங்கையிடம் போய்ச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் அவள் தகரம் வாங்கிவந்து ஆணி அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது அவள் ஊரை விட்டே போகிறாள். ஒன்றரை நாள் பயணத் தூரத்தில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் போய்ச் சேர வேண்டும். "நான் போறேன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றாள். "நல்லபடியாப் போகச் சொல்லு" என்றான் மெக்கானிக். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவன் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை.

ரொட்டிக்காரிக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரும் தங்கமான மனுஷர்கள், அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. பிடிவாதம் மட்டும் ஆளுக்கு ஒரு வண்டி. இப்படியே பிரிந்தால் இவர்களில் ஒருவர் சாவுக்குத்தான் இன்னொருவர் வந்து பேசுவார், அதுவும் செத்தவரிடம். அதற்குள் ஒரே ஒரு வார்த்தை நேருக்கு நேராகப் பேசவைத்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அப்போதுதான் பந்தயம் ஞாபகத்துக்கு வந்தது.

ஊருக்கு வெளியே விமானம் வராத ஒரு பழைய ஓடுபாதை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை சரக்கு வண்டிக்காரர்கள் அங்கே கூடி, இரண்டிரண்டு வண்டியாக நிறுத்தி நானூறு மீட்டர் ஓட்டுவார்கள். போன வருஷம் ரொட்டிக்காரியும் போயிருந்தாள். மெக்கானிக் அந்த டீசல் இன்ஜினை என்னென்னவோ செய்து யானை பலத்துக்குக் கொண்டுவந்திருந்தான். என்ன பிரயோஜனம்? பச்சை விளக்கு எரிந்ததும் அவள் மிதித்த மிதியில் பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று புகையாகக் கக்கின. வண்டி காலி, பின்னால் பாரமே இல்லை, பிடிப்பு எங்கிருந்து வரும்? பக்கத்தில் நின்ற மீன் வண்டி பாதிதூரம் போன பிறகுதான் இவள் வண்டி நகர்ந்தது. முடிந்ததும் மீன்காரன் வந்து ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "அக்கா, ரொட்டி கருகுது" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வருஷமாகியும் அது அவளுக்கு ஆறவில்லை.

"முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தா என்னங்க?" என்று புருஷனிடம் கேட்டாள்.

டீ கிளாஸ் அவன் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவனுக்குச் சொல்லப் பிடித்த விஷயம் அது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி வைக்க வேண்டும், அது சக்தியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பங்கு வழக்கம்போலப் பின்னால் போகும். இன்னொரு பங்கு ஒரு சுழலும் இரும்புத் தண்டு வழியாக முன்அச்சுக்கு வரும். பழைய லாரி ஒன்றின் முன்அச்சு அவனிடமே கிடக்கிறது. அந்தப் பெட்டி மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது, அளவெடுத்துப் பல்சக்கரம் வெட்டிச் செய்ய வேண்டும். அதுவரை கடகடவென்று சொன்னவன் அங்கே நிறுத்திக்கொண்டான். அப்படி வெட்டத் தெரிந்த ஆள் அந்த ஊரில் ஒருத்திதான்.

ரொட்டிக்காரி தகரத்தைத் தாண்டி உள்ளே போனாள். "யாருக்கு?" என்று கேட்டாள் கடைசல்காரி. என் வண்டிக்கு என்றாள் இவள். "உங்களுக்குன்னா செய்யறேன் அண்ணி. வேற யாருக்கும் இல்ல." ரொட்டி வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்பக்கம் பென்சிலால் படம் போட்டுக் கொடுத்தாள். ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பல்சக்கரங்கள், சுற்றிலும் பெட்டி, ஓரத்தில் அளவுகள்.

மெக்கானிக் அந்த அட்டையை வெகுநேரம் பார்த்தான். டீ ஆறி ஆடை கட்டியது. ஏதாவது தப்பா என்று பெண்டாட்டி கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. நல்லா வரைஞ்சிருக்கா" என்றான். நான்கு வருஷத்தில் முதல் நல்ல வார்த்தை. ரொட்டிக்காரி அதைச் சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். "அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, கடைசல்காரி முதுகைக் காட்டிக்கொண்டு ஏற்கெனவே தீட்டியிருந்த உளியை மறுபடி தீட்ட ஆரம்பித்தாள்.

வேலை தொடங்கியது. வேனைத் தூக்கி நிறுத்திச் சக்கரம் கழற்றி, முன்பக்கத்து அடிவயிற்றைப் பிரித்துப் போட்டார்கள். பதினொரு வருஷம் ஓட்டிய வண்டி. அதற்குள்ளே இவ்வளவு சாமான் இருந்ததா என்று ரொட்டிக்காரி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இருபத்தைந்து நாளும் பேக்கரிக்காரரின் மூன்று சக்கர வண்டியில்தான் ரொட்டி போட்டாள். நல்ல மழைக்காலம் வேறு. தார்ப்பாய்க்குள் ரொட்டி நனையாமல் இருக்கும், இவள் மட்டும் தொப்பலாக நனைந்து வருவாள். பட்டறைக்குள் நுழைந்து துணி காயுமட்டும் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

நாத்தனார் பல் வெட்டுவதை அவள் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. வட்டமான இரும்புத் துண்டைப் பூட்டி, ஒரு கைப்பிடியை எண்ணி எண்ணித் திருப்பி, ஒரு பல் வெட்டுவாள். மறுபடி எண்ணித் திருப்புவாள், அடுத்த பல். மொத்தம் நாற்பத்தொன்று. சூட்டில் நீலம் பாய்ந்த இரும்புச் சுருள் அவள் காலடியில் உதிர்ந்துகொண்டே இருக்கும். எண்ணும்போது மூச்சு விடுகிறாளா என்றே தெரியாது. "நடுவுல எண்ணிக்கை தப்பினா?" என்று கேட்டாள் ரொட்டிக்காரி. "துண்டு குப்பைக்குப் போகும். தப்பாது." இரண்டு சக்கரமும் முடிந்ததும் ஒன்றோடு ஒன்று சேர்த்து விரலால் தள்ளிக் காட்டினாள். சத்தமே இல்லை. எண்ணெயில் விரல் வழுக்குவது போல அவ்வளவு மெத்தென்று சுழன்றன. கையால் செய்ததா இது என்று ரொட்டிக்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. தினமும் தன்னோடு உட்கார்ந்து முட்டை உரிக்கிற பெண்ணா இவள் என்று பார்த்தாள்.

அந்தப் பக்கம் வந்தால் புருஷன் வெல்டிங் முகமூடியோடு குனிந்திருந்தான். நல்ல முன்அச்சை நடுவில் இரண்டு இடத்தில் அறுத்துப் போட்டிருந்தான். அடப்பாவி மனுஷா என்று பதறினாள். நடுவில் இருக்கும் கிரவுன் பெட்டியை, அதாவது அந்தத் தண்டு வழியாக வரும் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் திருப்பிவிடுகிற பெட்டியை, தலைகீழாகப் புரட்டி வைத்து மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தான். எண்ணெய் ஊற்றும் துளை அடியில் போய்விட்டதால் மேலே புதுத் துளை போட்டான். ஒட்டிய இடத்தில் கோடு தெரியாமல் தேய்த்துக் கறுப்புச் சாயமும் பூசினான். எதுக்குங்க இவ்வளவு பாடு என்றாள். "கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கு. அந்தப் பக்கம் சொல்லாத."

நாலு நாள் கழித்து உள்ளே போனால், முடிந்துவிட்ட பல்சக்கரம் இரண்டும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி ஒரு ரொட்டித் தட்டில் கிடந்தன. கடைசல்காரி கண் சிவந்து புதிதாக வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை மூன்று, முன்னதைவிடச் சின்னதாக. முடிஞ்சதை ஏம்மா திரும்பச் செய்யற என்றால், "சும்மாதான் அண்ணி. இதுதான் சரியா வரும். அந்தப் பக்கம் சொல்லாதீங்க" என்றாள்.

நான்கு வருஷம் உப்புச்சப்பில்லாத சேதியெல்லாம் சுமந்தவள், சொல்லாதே என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்ட அந்த இரண்டை மட்டும் நாணயமாகத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் எவ்வளவோ இரும்பு மிச்சமாகியிருக்கும்.

பந்தயத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, கடைசல்காரி மூடி இறுக்கிக் கொடுத்த பெட்டி உட்பட எல்லாம் பூட்டி முடிந்தது. நான்கு சக்கரமும் தரையில் படாமல் வேனைத் தாங்கிகளில் நிறுத்தினார்கள். ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசல்காரி தகரத்து வழிவரைக்கும் வந்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு எல்லையில் நின்றாள். மெக்கானிக் ஏறி இன்ஜினை உசுப்பி, முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டான். பின்சக்கரங்கள் முன்னோக்கிச் சுழன்றன. முன்சக்கரங்களும் சுழன்றன.

வண்டிக்கு எதிரே நின்ற ரொட்டிக்காரிக்கு முதலில் சந்தோஷம்தான். பிறகு எதுவோ உறுத்தியது. பின்சக்கரத்தைப் பார்த்தாள், முன்சக்கரத்தைப் பார்த்தாள், மறுபடி பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, முன்னால இருக்கறது பின்னால போகுதுங்க."

அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். கையால் ஒரு சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தான். சந்தேகமே இல்லை. பின்னால் இரண்டும் பந்தயத்துக்குப் போனால் முன்னால் இரண்டும் வீட்டுக்குத் திரும்பின. இப்படியே தரையில் இறக்கி ஓட்டினால் ஏதாவது ஒன்று உடைந்து தெறிக்கும். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. ரொட்டிக்காரிக்கு லாரி அச்சு ஒடிந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் ஒரு வண்டி கெட்டது, இதே வாசல், இவன் முகம் இதே மாதிரி சிவந்து கிடந்தது. இப்போது மட்டும் இவன் 'அவள் கடைஞ்சது' என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. ஒரு வார்த்தை பேசவைக்க நினைத்துத் தானே வினையை இழுத்துவிட்டுக்கொண்டோமோ என்று நினைத்தாள். அவன் வாய் திறப்பதைப் பார்த்தாள்.

"என் தப்புதான்" என்றான் மெக்கானிக். அதைப் பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை. தகரத்து வழியைப் பார்த்துச் சொன்னான். "நான் கிரவுன் பெட்டியைத் தலைகீழாத் திருப்பிட்டேன்."

கடைசல்காரி கட்டிய கையை அவிழ்த்தாள். "எதுக்கு?"

ரொட்டிக்காரி பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பினாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

"உன் படத்துல ரெண்டு சக்கரம்தான் இருந்துச்சு. ஒண்ணு இப்படிச் சுத்தினா அதைக் கடிச்சிட்டு நிக்கறது அப்படித்தான் சுத்தும். முன்சக்கரம் தலைகீழா ஓடும். அதான் இங்க நான் திருப்பிட்டா அங்க இருக்கறது சரியாயிடும்னு..."

"பார்த்தவுடனே தெரிஞ்சிருச்சா?"

"ம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவன் கையில் இருந்த துணியால் கையைத் துடைத்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது. "உன் வேலை தப்புன்னு ஒரு தடவ சொன்னேனே. அதுவே போதும்."

கடைசல்காரி தகரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். தாண்டினோம் என்பது அவளுக்கே தெரிந்ததா என்று ரொட்டிக்காரிக்குத் தெரியாது. வேனுக்கு அடியில் குனிந்து, புதிதாகப் போட்ட துளையை விரலால் தொட்டாள். சாயம் பூசிய இடத்தைத் தடவினாள். ஒட்டிய கோட்டைக் கண்டுபிடிக்க அவளுக்கே சற்று நேரம் ஆனது.

"நான் செஞ்ச தப்பு எனக்கே நாலு நாள் கழிச்சுத் தெரிஞ்சிருச்சு" என்றாள், அடியிலிருந்தே. "நடுவுல மூணாவதா ஒண்ணு வெச்சா சுத்து நேராயிடும். ரெண்டையும் எடுத்துட்டு மூணு புதுசா வெட்டிப் போட்டேன். தப்புன்னு உன் வாயால கேட்கக் கூடாதுன்னு."

ஆக அவள் தப்பை மறைக்க இவன் ஒரு திருப்பு, தன் தப்பைத் திருத்த அவள் ஒரு திருப்பு. யாராவது ஒருத்தர் சும்மா இருந்திருந்தால் வண்டி நேராக ஓடியிருக்கும். இரண்டு பேரும் திருத்தியதில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ரொட்டிக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு டயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த லாரி அச்சு" என்றான் மெக்கானிக். "உன் கடைசல் இல்ல. நான் இறுக்கினது."

"தெரியும். அன்னிக்கே குப்பைல இருந்து எடுத்துப் பார்த்துட்டேன்."

"தெரியுமா? நாலு வருஷமா?"

"நீ எப்ப சொல்லுவேன்னு பார்த்துட்டு இருந்தேன்."

அதற்கு மேல் அவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். அடுத்த நிமிஷமே சண்டை ஆரம்பித்துவிட்டது. யார் செய்ததை யார் கழற்றுவது? அச்சை மறுபடி அறுக்கிறேன் என்றான் அவன். அந்த அழகான ஒட்டுவேலையை அறுத்தால் கையை வெட்டுவேன் என்றாள் அவள். பழைய சக்கரம் இரண்டும் தட்டில் அப்படியே இருக்கின்றன, பெட்டியைப் பிரித்து அதையே போட்டுவிடலாம், இரண்டு தப்பும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்றாள். மூணு சக்கரம் வெட்டிய உழைப்பு வீணாகப் போகுமே என்று அவன் தாங்கமாட்டாமல் கத்தினான். ரொட்டிக்காரி எழுந்து போய்ப் பெரிய கெட்டிலில் டீ போட்டு, ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் தங்கைதான் ஜெயித்தாள். பெட்டியை இறக்கினார்கள். அவள் பிடிக்க அவன் தட்டினான், அவன் தூக்க அவள் பூட்டினாள். ஒருவருக்கு எந்த ஸ்பேனர் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் இன்னொருவர் கை அதை நீட்டியது. நான்கு கையும் ஒரே ஆளுடையவை போல வேலை நடந்தது. ரொட்டிக்காரி ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதையா நாலு வருஷம் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள்? பொழுது சாய்வதற்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். நான்கு சக்கரமும் ஒரே திசையில் ஓடின. மெக்கானிக் ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். போதாததற்கு இன்னொரு தடவையும் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஓடுபாதை ஈரமாகவே கிடந்தது. பக்கத்தில் வந்து நின்ற மீன்காரன் கண்ணாடியை இறக்கி, இந்த ஈரத்தில் அக்கா சாயங்காலம்தான் வந்து சேருவாங்க போல என்றான். ரொட்டிக்காரி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு எதிரே இருந்த விளக்கைப் பார்த்தாள்.

பச்சை விழுந்தது. மிதித்தாள்.

வண்டி சுழலவில்லை, சறுக்கவில்லை, புகையும் கிளப்பவில்லை. ஒரே பிடியாகத் தரையைப் பிடித்துக் கிளம்பியது. முதுகு இருக்கையில் அமுங்கியது. பின்னால் காலி ரொட்டித் தட்டு ஒன்று கதவில் போய் மோதுகிற சத்தம் கேட்டது. பதினொரு வருஷம் இவள் சொன்னபடி கேட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. பாதத்துக்கடியில் அந்தப் பெட்டி பாடியது. நாற்பத்தொரு பல்லும் நாற்பத்தொரு பல்லும் ஒன்றை ஒன்று கடித்து விட்டுக் கடித்து விட்டு ஓடுவதை அவள் எலும்பில் உணர்ந்தாள். மனுஷக் கை எண்ணி எண்ணி வெட்டியது அது, முன்னால் சுழலும் அச்சு மனுஷக் கை கோடு தெரியாமல் ஒட்டியது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர். அம்மாடி என்று வாய்விட்டுச் சொன்னாள். மீன் வண்டியைத் தேடவே அவளுக்குத் தோன்றவில்லை. கோட்டைத் தாண்டிய பிறகு கண்ணாடியில் பார்த்தபோது அது வெகு பின்னால் சின்னதாக வந்துகொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். ஜன்னலை இறக்கினாள். தூரத்தில் கிளம்பிய இடத்திலிருந்து இரண்டு பேர் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஓட முடியாமல் நடந்தார்கள், நடந்துகொண்டே கையை ஆட்டினார்கள். இருவரும் கத்திப் பேசினார்கள், காற்றும் இந்தப் பக்கம் அடித்ததால் குரல் நன்றாகவே கேட்டது.

"மூணாம் கியர்ல ஒரு சத்தம் வந்துச்சு, பெட்டியை ஒரு தடவ பிரிச்சுப் பார்க்கணும்."

"நான் லீவுக்கு வர்ற வரைக்கும் அதுல கை வெச்சே, தெரியும் சேதி."

"நீ எப்ப வந்து, நான் எப்பப் பிரிக்கறது?"

"எப்ப வந்தா உனக்கென்ன, வருவேன்ல. அதுவரைக்கும் அண்ணி ரொட்டி போடட்டும்."

"ஏன், நான் பிரிச்சா சேராதா?"

"சேர்க்கத் தெரிஞ்சவன் எதுக்குப் பேரிங்கை அப்படி இறுக்கின?"

ரொட்டிக்காரி கதவைத் திறக்கக் கை வைத்தவள், அப்படியே எடுத்துக்கொண்டாள். இறங்கிப் போனால் இரண்டு பேரும் இவளிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் வந்து சேர இன்னும் முந்நூறு மீட்டராவது இருந்தது. மெதுவாகவே வரட்டும் என்று இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.